பெயர்ப் பட்டியலை வாசித்தல்: பெங்களூரு கால்பந்து லீக்கின் நான்கு அடுக்குகள்

(நீண்ட பதிவு. நகர வரலாறு, பெயராய்வு ஆகியவற்றில் ஈடுபாடுள்ள மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

மாநிலங்களுக்கிடையே நடைபெறும் சந்தோஷ் டிராபி கால்பந்துப் போட்டி 1941இல் தொடங்கியது. அதன் வெற்றியாளர் பட்டியலில் 'மைசூர்' என்னும் பெயர் நான்கு முறை வருகிறது: 1946-47, 1952-53, 1967-68, 1968-69. நான்கு இறுதியாட்டங்களிலும் தோற்ற அணி வங்காளம். ஐந்தாவது வெற்றி 2023 மார்ச்சில் ரியாத் நகரில் மேகாலயாவை 3-2 என்னும் கணக்கில் வென்றபோது 'கர்நாடகம்' என்னும் பெயரில் கிடைத்தது. நான்காவது வெற்றிக்கும் ஐந்தாவதற்கும் இடையில் 54 ஆண்டுகள்.

மைசூரில் வசிப்பவர்களுக்கு இப்பட்டியல் ஒரு மயக்கத்தைத் தரும். இங்கே அக்ரஹாரத்துத் தேநீர்க் கடைகளில் இந்த வெற்றிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், நம்மூர் அணியா என்று கேட்பார்கள். பட்டியலில் உள்ள 'மைசூர்' ஒரு மாநிலத்தின் பெயர். 1973 நவம்பர் 1 அன்று அது 'கர்நாடகம்' என மாறியது. அந்த அணியை உருவாக்கிய ஊர் இங்கிருந்து ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூரு. அதிலும் குறிப்பாக, பெங்களூரின் கண்டோன்மென்ட் பகுதி. பெயர் ஓரிடத்தைச் சுட்டுகிறது. ஆட்டக்காரர்கள் வேறோரிடத்திலிருந்து வருகிறார்கள். இந்த இடைவெளிதான் இப்பதிவின் தொடக்கப்புள்ளி.

மொழியியல் மாணவர்கள் இடப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் ஆராயப் பழகியவர்கள். விளையாட்டு அணிகளின் பெயர்களை அவ்வாறு எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. பெங்களூரு கால்பந்து லீக்கில் பல பத்தாண்டுகளாக ஆடிவந்த அணிகளின் பெயர்களை வரிசைப்படுத்தினால் அவை நான்கு அடுக்குகளாகப் பிரிவதைக் காணலாம். முதலாவது படைப்பிரிவுகளின் பெயர்கள். இரண்டாவது சமூகங்களின், பேட்டை இளைஞர் மன்றங்களின் பெயர்கள். மூன்றாவது அரசுத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் பெயர்கள். நான்காவது 'எஃப்.சி.' என முடியும் தனியார் கழகங்களின் பெயர்கள். ஓர் ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டவர் யார் என்னும் வினாவுக்கு அந்தந்தக் காலம் தந்த விடை ஒவ்வோர் அடுக்கிலும் இருக்கிறது. அவ்விடை மாறியதால் யார் எதை இழந்தார்கள் என்பதே நான் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

1. கோப்பையும் லீக்கும்

கோப்பைப் போட்டி திருவிழா போன்றது. வெளியூர் அணிகள் வரும், இரண்டு மூன்று வாரங்களில் தோற்றவர் வெளியேறுவர், ஒருவர் கோப்பையை எடுத்துச் செல்வார். லீக் அப்படிப்பட்டதன்று. ஒரு நகரத்து அணிகள் ஒரு சங்கத்தில் பதிவு செய்துகொள்கின்றன, மாதக்கணக்கில் ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் ஆடுகிறது, புள்ளிகள் கூட்டப்படுகின்றன, மேலே வந்தவர் மேல் டிவிஷனுக்கு ஏறுகிறார், கீழே போனவர் இறங்குகிறார். இதற்கு உறுப்பினர் பட்டியல், ஆட்டக்காரர் பதிவேடு, கட்டண ரசீது, நடுவர் குழு, மைதான ஒதுக்கீடு, தண்டனைக் குழு எனப் பல தேவை. கோப்பை ஒரு வெற்றியாளரின் பெயரை விட்டுச்செல்கிறது. லீக்கோ ஆண்டுதோறும் ஒரு நகரத்தின் முழுப் பெயர்ப் பட்டியலை விட்டுச்செல்கிறது. தோற்ற அணிகளின் பெயர்களும் அதில் இருப்பதால் வரலாற்று மாணவருக்கு அது பெரிதும் பயன்படும்.

யார் லீக்கில் சேரலாம் என்பதும் யார் எந்த டிவிஷனில் ஆடலாம் என்பதும் தொடக்கம் முதலே அரசியல் வினாக்களாக இருந்துவந்துள்ளன. ஆசியாவின் மிகப் பழைய லீக்கான கல்கத்தா லீக் இதற்குச் சிறந்த சான்று. 1898இல் தொடங்கிய அதன் முதல் வெற்றியாளர் குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட் என்னும் ஆங்கிலேயப் படைப்பிரிவு. 1889இல் தோன்றிய மோகன் பகான், 1911இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்று நாடெங்கும் புகழ்பெற்ற பின்னரும், 1914இல்தான் இரண்டாம் டிவிஷனில் சேர்க்கப்பட்டது. முதல் டிவிஷனில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் கூடாது என்னும் கட்டுப்பாடு 1920களின் நடுப்பகுதி வரை நீடித்தது. ஈஸ்ட் பெங்கால் அதை எதிர்த்துப் போராடி 1925இல் உள்ளே நுழைந்தது. 1934இல் முகமதன் ஸ்போர்ட்டிங் வென்றபோதுதான் இந்திய அணி ஒன்று முதன்முதலாக அந்த லீக்கின் உச்சிக்கு வந்தது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அதுவே வென்றது.

ஆகவே டிவிஷன் என்னும் அமைப்பு திறமையை மட்டும் அளக்கும் படிக்கட்டாக எங்கும் இருந்ததில்லை. யாருக்கு நுழைவுண்டு, யார் வாசலில் காத்திருக்க வேண்டும் என்பதையும் அது காட்டும். இந்தப் பார்வையோடு பெங்களூருக்கு வருவோம்.

2. தண்டு: படைப்பிரிவு அடுக்கு

1809இல் ஆங்கிலேயர் தங்கள் படைத்தளத்தைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினர். கோட்டையும் பேட்டையும் கொண்ட பழைய நகரத்துக்குக் கிழக்கே கண்டோன்மென்ட் உருவானது. 1881இல் மைசூர் ஆட்சி மீண்டும் உடையார் வம்சத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது கண்டோன்மென்ட் மட்டும் ஆங்கிலேயரின் நேரடி நிர்வாகத்திலேயே, 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்னும் பெயரில் தொடர்ந்தது. 1947இல்தான் அது மைசூருக்குத் திரும்பியது. 1949இல் இரு நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சியாயின.

கண்டோன்மென்டை மக்கள் வழங்கிய பெயர் 'தண்டு'. கன்னடத்தில் 'தண்டு' என்றால் படை, படை தங்குமிடம். கண்டோன்மென்ட் ரயில் நிலையம் கன்னடத்தில் இன்றும் 'பெங்களூரு தண்டு' என்றே எழுதப்படுகிறது. தமிழிலும் 'தண்டு' படையைக் குறிக்கும் பழஞ்சொல்லே. சிவாஜிநகரில் உள்ள தண்டு மாரியம்மன் கோயிலின் பெயர் இரு மொழிக்காரருக்கும் விளக்கமின்றிப் புரிவது. படையோடு சென்னை மாகாணத்திலிருந்து வந்த சிப்பாய்கள், குத்தகைக்காரர்கள், கொத்தர்கள், சமையற்காரர்கள், சலவைத் தொழிலாளர்கள், வண்டிக்காரர்கள் எனப் பலரும் தமிழ் பேசினர். தக்கணி உருது பேசிய இசுலாமியரும் தெலுங்கு பேசியோரும் உடனிருந்தனர். அல்சூரில் நிலைகொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினரை ராணுவ வழக்கில் 'தம்பிகள்' என்றே அழைப்பர்.

கால்பந்து இங்கு வந்தது பாசறை வழியாகத்தான். ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு அது ஓய்வுநேர ஆட்டம். மைதானத்துக்குக் கோடு போட்டவர்களும் பந்தைத் தைத்தவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டனர். இந்தியாவின் படைநகரங்கள் பலவற்றுக்கும் இது பொது. ஆனால் பெங்களூரில் முதல் அடுக்கு முற்றிலும் மறைந்துவிடவில்லை. மதராஸ் பொறியியல் படைக்குழுவின் எம்.இ.ஜி., ராணுவ வழங்கல் படையின் ஏ.எஸ்.சி. ஆகிய இரு பெயர்களும் அண்மைக்காலம் வரை சூப்பர் டிவிஷன் பட்டியலில் இடம்பெற்றன. வெள்ளையர் போன பின்னும் பாசறை அணியின் அமைப்பு மாறவில்லை: ஆட்டக்காரர் முதலில் சிப்பாய், சம்பளம் படையிடமிருந்து.

3. பிறைகளும் யூனியன்களும்: சமூக, பேட்டை அடுக்கு

இரண்டாம் அடுக்கின் முதன்மையான பெயர் 'பேங்களூர் முஸ்லிம்ஸ்'. 1891இல் பம்பாயில் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையை 46 ஆண்டுகளாக எந்த இந்திய அணியும் வென்றதில்லை. 1937இல் பேங்களூர் முஸ்லிம்ஸ் வென்றது. இறுதியாட்டத்தில் அது தோற்கடித்தது, அப்போது கல்கத்தா லீக்கில் கொடிகட்டிப் பறந்த முகமதன் ஸ்போர்ட்டிங்கை. மறு ஆண்டும் கோப்பை பெங்களூருக்கே வந்தது. 1948இல் மூன்றாம் முறை. கல்கத்தாவைப் போலப் பெரும் செல்வந்தர் ஆதரவோ பத்திரிகைகளின் ஆரவாரமோ இல்லாத ஒரு தண்டு நகரத்தின் உள்ளூர் அணி இதைச் செய்தது.

இவ்வடுக்கின் பெயர்களில் ஒரு வரிசை சமூகத்தைச் சொல்வது: முஸ்லிம்ஸ், கிரசென்ட்ஸ். இன்னொரு வரிசை இளைஞர் மன்றங்களின் பெயர்கள்: ஸ்டூடண்ட்ஸ் யூனியன், ஜவஹர் யூனியன், யங் சாலஞ்சர்ஸ், ரெபெல்ஸ். பெயராய்வு நோக்கில் இரண்டாம் வரிசை குறிப்பிடத்தக்கது. 'யூனியன்' என்னும் சொல் இங்கு தொழிற்சங்கத்தைக் குறிக்கவில்லை. ஒரு தெருவின் இளைஞர்கள் சேர்ந்து, சந்தா பிரித்து, உடுப்பு தைத்து, சங்கத்தில் பெயர் பதிந்துகொண்ட கூட்டத்தை அது குறித்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 'நற்பணி மன்றம்' என்பது செய்த வேலையைத் தண்டில் 'யூனியன்' செய்தது. பெயரில் சாதியோ மொழியோ இல்லை. தெருவின் பெயர்கூடப் பெரும்பாலும் இல்லை. ஆனால் எந்தப் பெயர் எந்தத் தெருவுக்கு உரியது என்பது ஊரார் அனைவர்க்கும் தெரியும்.

அத்தெருக்கள் ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன், கௌதமபுரம் முதலிய இடங்களில் இருந்தன. ஆஸ்டின் டவுனும் மர்ஃபி டவுனும் கண்டோன்மென்ட் நிர்வாகம் எளிய மக்களுக்கெனத் திட்டமிட்ட குடியிருப்புகள். சிறிய வீடுகள், நடுவே திடல். அல்சூரை ஒட்டிய கௌதமபுரம் தலித் குடும்பங்கள் அடர்ந்த தமிழ்ப் பகுதி. அங்கே அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பெலேயின் சிலையும் நிற்கிறது. உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் பிரேசில் கொடிகள் தெருவை மூடுவதைச் செய்தியாளர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிவருகின்றனர். வேடிக்கையாக எழுதப்படும் அச்செய்திகளுக்குப் பின்னால் ஒரு தலைமுறைத் தொடர்ச்சி இருக்கிறது.

இவ்வடுக்கின் உச்சம் 1946க்கும் 1952க்கும் இடைப்பட்ட காலம். 1946-47 சந்தோஷ் டிராபி இறுதியாட்டம் பெங்களூரிலேயே நடந்தது. முதல் ஆட்டம் சமனில் முடிய, மறு ஆட்டத்தில் மைசூர் 2-1 என வங்காளத்தை வென்றது. அப்போது கண்டோன்மென்ட் இன்னும் மைசூர் அரசுக்கு உரியதன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மைசூர் என்னும் பெயர் பொறித்த உடுப்பை அணிந்த வீரர்களை வளர்த்த தெருக்கள் பல, சட்டப்படி மைசூருக்கு வெளியே இருந்தன. எல்லைக்கோடுகள் இணைவதற்கு முன்பே கால்பந்து அணி இணைந்துவிட்டது எனலாம்.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் விடுதலை பெற்ற இந்தியா முதன்முறையாகக் கால்பந்து ஆடியது. இல்ஃபோர்டு நகரில் ஜூலை 31 அன்று பிரான்சுக்கு எதிரான ஆட்டம். இந்தியர் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர். கிடைத்த இரு பெனால்டிகளும் வீணாயின. 70ஆம் நிமிடத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். இறுதி நிமிடங்களில் பிரான்ஸ் மற்றொரு கோலைப் போட்டு 2-1 என வென்றது. அவ்வணியில் கோல்காப்பாளர் வரதராஜ், வஜ்ரவேலு, தன்ராஜ், அகமது கான் ஆகிய பெங்களூர்க்காரர்களும் இருந்தனர். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்ற ஆட்டத்திலும் இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் அகமது கான். வெறுங்கால் ஆட்டத்தைப் பலர் இந்தியக் கலைத்திறனின் அடையாளமாகக் கொண்டாடுவதுண்டு. பேட்டையில் அதற்கு இன்னொரு காரணம் இருந்தது: பூட்ஸின் விலை.

இந்த அடுக்குக்கு ஒரு பெரும் பலவீனம் இருந்தது. யூனியனால் பயிற்சி தர முடியும், உடுப்பு தர முடியும், புகழ் தர முடியும்; மாதச் சம்பளம் தர முடியாது. ஆகவே சிறந்தவர்கள் வெளியேறினர். அகமது கானும் தன்ராஜும் கல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்காலின் புகழ்பெற்ற முன்கள ஐவரில் இருவராயினர். அந்த ஐவரைப் 'பஞ்ச பாண்டவர்' என வங்காளிகள் அழைத்தனர். பின்னர் பெங்களூரின் அருமைநாயகம் மோகன் பகானின் நட்சத்திரமாகி, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். கல்கத்தாவின் கழகங்களுக்கு ஆள் தரும் ஊராகப் பெங்களூரு இருந்தது. இங்கு வளர்ந்து அங்கு ஒளிர்ந்தவர்களின் வரலாறு வங்காளிகளின் கழக வரலாறுகளில் நன்கு பதிவாகியுள்ளது. அவர்களை வளர்த்த யூனியன்களின் வரலாறு அங்கு எழுதப்படவில்லை. அதை எழுத வேண்டிய கடமையும் வங்காளிகளுக்கு இல்லை.

4. தொழிற்சாலை வாயில்: துறை அடுக்கு

வெளியேற்றத்தை ஓரளவு தடுத்தது மூன்றாம் அடுக்கு. 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை வந்தது, பிற்கால எச்.ஏ.எல். அதுவே. 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பி.இ.எல்., 1964இல் பி.இ.எம்.எல். எனப் பொதுத்துறை நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்களான எல்.ஆர்.டி.இ., ஏ.டி.இ. ஆகியவையும் சேர்ந்தன. இவற்றுள் பல கண்டோன்மென்டுக்குக் கிழக்கே, பழைய தமிழ்ப் பேட்டைகளிலிருந்து மிதிவண்டியில் சென்றுவரும் தொலைவில் அமைந்தன. தொலைபேசிக்கான கன்னடச் சொல்லால் 'தூரவாணி நகர்' எனப் பெயர் பெற்ற ஐ.டி.ஐ. குடியிருப்பு இதற்கோர் எடுத்துக்காட்டு.

லீக் பட்டியலில் இப்போது சுருக்கெழுத்துகள் நிறைகின்றன: எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எல்.ஆர்.டி.இ., பி.இ.எம்.எல். 'சாலஞ்சர்ஸ்', 'ரெபெல்ஸ்' எனச் சவால் விட்ட பெயர்களின் இடத்தில் அலுவலக முத்திரைபோன்ற பெயர்கள். அழகில் குறைந்த பெயர்களே. ஆனால் ஒவ்வொரு சுருக்கெழுத்துக்கும் பின்னால் விளையாட்டு ஒதுக்கீடு என்னும் ஏற்பாடு இருந்தது.

அதன் இயக்கம் எளியது. யூனியனுக்காக பி அல்லது சி டிவிஷனில் ஆடும் பையனைத் துறை அணியின் பயிற்சியாளர் பார்க்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் உதவியாளராகவோ தொழிலாளராகவோ பணி கிடைக்கிறது. லீக் பருவத்தில் பாதி நாள் வேலை, பாதி நாள் பயிற்சி. முப்பது வயதை ஒட்டிக் கால்கள் தளரும்போது அவர் ஆட்டத்தை விடுகிறார், வேலையை விடுவதில்லை. சேமநிதி, மருத்துவ வசதி, நிறுவனக் குடியிருப்பு, பிள்ளைகளுக்கு நிறுவனப் பள்ளி ஆகியன ஓய்வுபெறும் வயது வரை தொடர்கின்றன. பத்து ஆண்டு ஆட்டத்துக்கு முப்பது ஆண்டுச் சம்பளம். உலகின் பணக்காரக் கழகங்களும் இப்படியோர் உறுதியை ஆட்டக்காரனுக்குத் தருவதில்லை.

மேல்சாதிக் குடும்பங்கள் கல்விச் சான்றிதழ் வழியாக அடைந்த நிலையான வேலையைப் பேட்டைகளின் இளைஞர்கள் சிலர் பந்து வழியாக அடைந்தனர். எண்ணிக்கையில் சிலரே. ஆனால் ஒரு தெருவில் ஒருவருக்குக் கிடைத்தால், அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு அத்தெருவின் சிறுவர்கள் அதிகாலையில் திடலுக்குச் செல்வதற்கு அது போதும். கீழ் டிவிஷன்களும் மேல் டிவிஷனும் இவ்வாறு உயிரோட்டத்தோடு பிணைந்திருந்தன: யூனியன்கள் கீழே வளர்த்தன, துறைகள் மேலே வேலை கொடுத்தன. 1967-68லும் 1968-69லும் மைசூர் அடுத்தடுத்துச் சந்தோஷ் டிராபியை வென்றபோது இந்தப் பிணைப்பு உறுதியாக இருந்தது.

இவ்வடுக்கிற்கும் குறைகள் உண்டு. வேலைக்காக ஆடியவர்கள் வேலை கிடைத்தபின் உயர முயலவில்லை என்னும் விமர்சனம் பழையது. துறை அணிக்கென்று ஊரில் ரசிகர் கூட்டம் உருவாகவில்லை. ஒரு அலுவலகத்தின் வெற்றிக்கு நகரம் ஏன் கூத்தாட வேண்டும்? 1991க்குப் பின் பொதுத்துறைகளில் ஆளெடுப்புச் சுருங்கியபோது விளையாட்டு ஒதுக்கீடும் கூடவே சுருங்கியது. ஆஸ்டின் டவுனில் பிறந்த கார்ல்டன் சாப்மன் இந்த மாற்றத்தின் நடுவே நின்றவர். அவர் துறை அணியின் வாயிலை நாடாமல் ஜாம்ஷெட்பூரின் டாட்டா கால்பந்து அகாடமி வழியாக ஈஸ்ட் பெங்காலுக்கும் பின்னர் ஜே.சி.டி.க்கும் சென்று இந்திய அணித் தலைவரானார். 2020இல் தம் 49ஆம் வயதில் காலமானார்.

5. 2012, 2013: கழக அடுக்கு

அடுக்குகள் மாறிய தருணத்தைப் பெரும்பாலும் துல்லியமாகச் சொல்ல இயலாது. இங்கு ஏறத்தாழ இயல்கிறது. 1996இல் தொடங்கிய தேசிய லீக்கில் பெங்களூரின் முகமாக இருந்தவை ஐ.டி.ஐ.யும் எச்.ஏ.எல்.லும். தேசிய லீக் 2007இல் ஐ-லீக் ஆனது. அதில் ஆடிய எச்.ஏ.எல்., 2011-12 பருவத்தில் கடைசி இடம் பெற்று இறங்கியது. அடுத்த ஆண்டு ஆசியக் கூட்டமைப்பின் கழக உரிம விதிகளை நிறைவேற்றாத ஏர் இந்தியா, ஓ.என்.ஜி.சி. ஆகிய துறை அணிகள் ஐ-லீக்கிலிருந்து நீக்கப்பட்டன. அலுவலகத்தின் பொழுதுபோக்கு மன்றமாக இயங்கும் அணிக்கு உயர்நிலையில் இனி இடமில்லை என்பதே அந்த விதிகளின் உட்பொருள். அதே 2013இல் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் பெங்களூரு எஃப்.சி.யைத் தொடங்கியது.

அக்கழகம் தன் முதல் பருவத்திலேயே ஐ-லீக்கை வென்றது, 2015-16இல் மீண்டும் வென்றது, 2016இல் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதியாட்டம் வரை சென்றது, 2018-19இல் ஐ.எஸ்.எல். பட்டத்தையும் பெற்றது. துறை அணிகளால் ஆகாத ஒன்றை அது செய்தது: நகரத்தின் பெயரைச் சூடி, அந்நகரத்தைத் தன் பின்னால் திரட்டியது. முதல் பருவ ஆட்டங்கள் அசோக் நகரில் உள்ள பெங்களூரு கால்பந்து மைதானத்தில், அதாவது உள்ளூர் லீக்கின் சொந்த வீட்டில் நடந்தன. பின்னர் கழகம் கண்டீரவா மைதானத்துக்குச் சென்றது.

உள்ளூர் லீக்கின் பட்டியலும் உடன் மாறியது. பெங்களூரு எஃப்.சி.யின் இளையோர் அணி, எஃப்.சி. பெங்களூரு யுனைடெட், கிக்ஸ்டார்ட், ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு, பேங்களூர் ட்ரீம் யுனைடெட், குடகு எஃப்.சி. என்பன புதிய பெயர்கள். இவற்றில் படையும் இல்லை, சமூகமும் இல்லை, துறையும் இல்லை. ஊர்ப்பெயரும் கழகத்துக்குரிய ஆங்கிலப் பின்னொட்டுமே பெரும்பாலும் எஞ்சுகின்றன. உலகில் எங்கும் பொருந்தக்கூடிய பெயர்கள் இவை.

2023-24 பருவத்தின் ஏணியைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் அது பின்வருமாறு அமைந்திருந்தது. மாவட்டச் சங்கம் நடத்தும் சி, பி, ஏ டிவிஷன்கள், அவற்றுக்கு மேல் சூப்பர் டிவிஷன், அங்கிருந்து மாநிலச் சங்கத்தின் பரிந்துரையோடு ஐ-லீக் 3, பிறகு ஐ-லீக் 2, பிறகு ஐ-லீக், உச்சியில் ஐ.எஸ்.எல். ஏணி வெறும் காகிதத்தில் மட்டும் இல்லை. ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு 2023-24 பருவத்தில் ஐ-லீக் 3இலிருந்து ஏறி, அதே பருவத்தில் ஐ-லீக் 2இன் பட்டத்தையும் வென்று ஐ-லீக்கை அடைந்தது. மறு பருவத்தில் இறங்கியது. உள்ளூர் லீக் அணி ஒன்று நாட்டின் இரண்டாம் தளம் வரை செல்லலாம் என்பதை இது மெய்ப்பித்தது. உச்சிப் படிக்கட்டு மட்டும் வேறு வகை. 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல்.லில் அணிகள் முதலீட்டின் வழியாக இடம் பெற்றன. ஐ-லீக் வெற்றியாளர் மேலேற வழி செய்யப்பட்டது 2023இல்தான்.

6. இழப்புக் கணக்கு

நான்கு அடுக்குகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் கால்பந்தின் தரம் உயர்ந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. பயிற்சி, மருத்துவம், உணவு, உடல்தகுதி எல்லாவற்றிலும் இன்றைய சூப்பர் டிவிஷன் ஆட்டக்காரர் தம் முன்னோரைவிட நல்ல நிலையில் இருக்கிறார். 2023 சந்தோஷ் டிராபி வெற்றியும் இந்தக் காலத்துக்கு உரியதே.

மாறியது ஒப்பந்தத்தின் நீளம். பாசறை அணி ஆட்டக்காரனுக்குப் பணிக்காலம் முழுதும் சம்பளம் தந்தது. துறை அணி ஓய்வு வயது வரை தந்தது. கழகம் ஒரு பருவத்துக்கோ இரு பருவங்களுக்கோ தருகிறது. முழங்கால் காயம் பட்டவருக்குத் துறை அணியில் மேசை இருந்தது. அகாடமிக் கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பத்துப் பையனும் மர்ஃபி டவுன் பையனும் இன்று ஒரே தேர்வுமுகாமுக்கு வரலாம். ஆனால் தோற்றுப்போனால் திரும்பிச் செல்ல முதலாமவனுக்குக் கல்லூரி இருக்கிறது. பேட்டைக்கும் நிலையான வேலைக்கும் இடையே இருந்த குறுகிய பாலத்தின் பெயர் லீக் என்று எழுதினால் அது மிகையாகாது. அந்தப் பாலம் உடைந்ததைக் கால்பந்து வரலாறுகள் 'தொழில்முறையாக்கம்' என்னும் ஒற்றைச் சொல்லால் கடந்துவிடுகின்றன.

இரண்டாம் இழப்பு நினைவைச் சார்ந்தது. ராமன், வரதராஜ், வஜ்ரவேலு, அருமைநாயகம் ஆகிய பெயர்களைத் தமிழ்நாட்டின் விளையாட்டு வரலாறுகள் தம்முடையனவாகக் கொள்வதில்லை. அவர்கள் ஆடியது வேறு மாநிலத்துக்காக. கர்நாடகத்தின் பொது நினைவிலும் அவர்களுக்குப் போதிய இடமில்லை. கன்னடப் பெருமிதத்தின் பட்டியலில் தண்டின் பேட்டைகள் எளிதில் இடம்பெறுவதில்லை. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டிப் பெங்களூரில் தமிழருக்கு எதிராக வன்முறை நிகழ்ந்தது. யார் இந்நகரத்துக்கு உரியவர் என்னும் வினா அன்று தெருவில் எழுப்பப்பட்டது. மைசூர் என்னும் பெயரைச் சுமந்து நான்கு முறை வங்காளத்தை வென்றவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வந்தார்கள் என்பது அன்று யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இங்கு ஒரு முறையியல் எச்சரிக்கையும் தேவை. பெயரை மட்டும் வைத்து ஒருவரின் தாய்மொழியைத் தீர்மானிக்கக் கூடாது. தண்டின் மக்கள் வீட்டில் ஒரு மொழி, தெருவில் இன்னொன்று, மைதானத்தில் மூன்றாவது எனப் பேசியவர்கள். 'பாஸ் போடு' என்னும் தொடர் தமிழா ஆங்கிலமா என்று கேட்டால், அது தண்டுத் தமிழ் என்றே விடை தர வேண்டியிருக்கும். ஆகவே இவர்களைத் தமிழரெனப் பட்டியலிட்டு உரிமை கோருவது இப்பதிவின் நோக்கமன்று. எந்த ஒரு மொழியின் தேசிய வரலாற்றுக்குள்ளும் அடங்காத நகரத்து உழைப்பாளிகளின் வரலாறு இது. அதனாலேயே இரு மொழிகளின் வரலாறுகளும் இதைக் கைவிட்டன.

முதுகலை, முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒலிம்பிக் வீரர்களைப் பற்றி எழுதுவோர் இருக்கிறார்கள். சி டிவிஷனில் இருபது ஆண்டுகள் இருந்து, ஒருமுறை பி டிவிஷனுக்கு ஏறி, மறு ஆண்டே இறங்கிய ஒரு யூனியனின் வரலாற்றை யாரேனும் எழுத வேண்டும். சந்தா நோட்டு, ஆட்டக்காரர் அடையாள அட்டை, தண்டனைக் குழுவின் கடிதம், அணியின் கூட்டுப் புகைப்படம் போன்றவை நூலகத்துக்கு வருபவை அல்ல. அவை செயலாளராக இருந்தவரின் வீட்டு இரும்புப் பெட்டியில் கிடப்பவை. துறை அணிகளில் ஆடி ஓய்வுபெற்றவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை கோல் அடித்தீர்கள் என்பதை அன்று. எந்த ஆண்டு, எந்த டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தபோது, எந்த வாயிலில் வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்பதை. அந்த விடைகளைத் திரட்டினால் லீக் அட்டவணை ஒரு நகரத்தின் உழைப்பு வரலாறாகத் தானே விரியும்.